சொந்தமாக அமைக்கும் முதல் உருப்படி: ஜதிஸ்வரமா, கீர்த்தனமா, பதமா, சங்கப் பாட்டா?

அரங்கேற்றம் முடிந்து ஓரிரு ஆண்டுகள் ஆன பரதநாட்டிய மாணவர்களுக்கு ஓர் ஆசை முளைக்கும். அலாரிப்பு முதல் தில்லானா வரை ஆடுவதெல்லாம் குரு தந்தது. இனி ஒன்றையாவது நாமே அமைத்து ஆட வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்திய மார்க்க வரிசையைத்தான், அதாவது கச்சேரியில் உருப்படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கைத்தான், இன்றும் ஆடுகிறோம். அந்த மரபில் நிருத்தத்தை, அதாவது பொருள் சொல்லாத தாள ஆட்டத்தை, அமைப்பது ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரின் வேலை. பொருளை நடித்துக் காட்டும் அபிநயத்தில் ஆடுபவருக்கு மனோதர்மம், அதாவது அப்போதைக்கப்போது கற்பனை செய்யும் இடம், இருந்தது. ஜதியும் (தாளச் சொற்கட்டு) கோர்வையும் (அசைவுத் தொடர்) அவர் கையில் இல்லை. இன்று ஆடுபவரே இரண்டையும் அமைக்க முனைகிறார். ஆனால் அமைப்பது எப்படி என்று வகுப்பில் யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. அதனால் முதல் உருப்படியாக, அதாவது தனித்து ஆடும் ஒரு பகுதியாக, எதை எடுத்துக்கொள்கிறோம் என்பதே பாதி பாடமாகிவிடுகிறது.

பெரும்பாலானோர் தமக்குப் பிடித்த பாட்டில் இருந்து தொடங்குகிறார்கள். பாட்டு பிடித்திருப்பது கட்டாயம் வேண்டும். அது மட்டும் போதாது. எடுத்துக்கொள்ளும் உருப்படி எவ்வளவு சட்டகத்தைத் தானே தருகிறது, எவ்வளவை நம் தலையில் கட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். என் முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதைநிகழ்ச்சி உள்ள ஒரு தமிழ்க் கீர்த்தனமே முதல் முயற்சிக்கு ஏற்றது. ஜதிஸ்வரம் சிலருக்குப் பொருந்தும். பதம் பின்னால் வரட்டும்.

ஜதிஸ்வரம்

குருமார் பலர் முதலில் இதைத்தான் சொல்வார்கள். காரணம் வலுவானது. சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள், இல்லை; ஸ்வரங்கள் மட்டுமே. பொருள் சொல்ல வேண்டிய கடன் இல்லாததால் அடவு (ஆட்டத்தின் அடிப்படை அசைவு), தாளம், மேடையின் இடம் ஆகிய மூன்றோடு மட்டும் பேசலாம். பல்லவி திரும்பத் திரும்ப வரும்; இடையில் ஸ்வரக் கோர்வைகள் வரும்; ஒவ்வொன்றும் முடிந்து பல்லவியின் எடுப்பில் (அது தொடங்கும் இடத்தில்) வந்து சேரும். சட்டகம் அவ்வளவு தெளிவானது.

கணக்கும் கைக்கு அடங்குவதுதான். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 8 அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு 4 மாத்திரை, ஆக 32. அந்த 32ஐ நிரப்பி அடுத்த சமத்தில் (சுற்றின் தொடக்கத்தில்) விழ வேண்டும் என்றால் ஒரு வழி: தகதிமி மூன்று முறை, தகதகிட ஒரு முறை, ததிங்கிணதொம் மூன்று முறை. 12, 5, 15, கூட்டினால் 32. பல்லவியின் எடுப்பு சமத்திலிருந்து அரை அட்சரம் தள்ளியிருந்தால் இன்னும் 2 மாத்திரை வேண்டும். தகதகிட இருந்த இடத்தில் தகிடதகதிமி வைத்தால் 5, 7 ஆகிறது, கணக்கு சரியாகிறது. இப்படி நாலைந்து கோர்வைகளை நோட்டில் எழுதி, கையால் தாளம் போட்டு வாயால் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து ஆட வேண்டும். வாயில் நிற்காத சொற்கட்டு காலிலும் நிற்காது.

கணக்கு சரியாக வந்ததாலேயே கோர்வை அழகாகிவிடும் என்று நினைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஸ்வரத்துக்கு ஒரு தட்டு வீதம் அடவுகளை அடுக்கிக்கொண்டே போனால், ஆடுபவர் களைப்பார், பார்ப்பவர் கவனம் சிதறும். ஸ்வரம் நீண்டு கார்வையாக நிற்கும் இடத்தில் உடலும் நிற்கத் தெரிய வேண்டும். நாட்டடவு விரிந்து பரவுவது. குத்தடவு செங்குத்தாக எழுந்து விழுவது. மண்டி அடவு உடலைத் தரையோடு சேர்ப்பது. இவற்றின் குணம் வேறு வேறு என்று உணர்ந்து, ராகம் மேலே ஏறும் இடம், கீழே இறங்கும் இடம், ஒரே ஸ்வரத்தைச் சுற்றி வரும் இடம் ஆகியவற்றுக்குப் பொருத்தமாக எடுப்பதில்தான் அமைப்பவரின் ரசனை தெரியும். வலப்பக்கம் செய்ததை இடப்பக்கம் செய்யும் வழக்கத்தையும் எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கத் தேவையில்லை. எங்கே மீறினால் கண் விழிக்கும் என்று யோசிப்பதே ஒரு நல்ல பயிற்சி.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் கற்ற அடவுகள் குருவின் பாணியில் ஏற்கெனவே கோர்வைகளாக உடலில் பதிந்திருக்கின்றன. ஜதிஸ்வரம் அமைக்க உட்கார்ந்தால் கால் தானாகப் பழைய கோர்வைக்குப் போகும். பாட்டுக்குப் பொருள் இருந்தால் 'இந்த இடத்துக்கு இது பொருந்தவில்லையே' என்று அது தடுத்து நிறுத்தும். ஸ்வரம் அப்படித் தடுக்காது. எந்த அடவையும் ஏற்றுக்கொள்ளும். அதனால் நேர்த்தியான, ஆனால் எங்கோ பார்த்ததுபோன்ற ஜதிஸ்வரங்கள் நிறையப் பிறக்கின்றன. தாளக் கணக்கில் இயல்பான மோகம் உள்ளவர்கள், மிருதங்கமோ, வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோலோ கொஞ்சம் பயின்றவர்கள் தயங்காமல் இதை எடுக்கலாம். மற்றவர்களுக்கு இது பாதுகாப்பான வழி போலத் தோன்றும். சொந்தமாக ஒன்றும் கண்டுபிடிக்காமலே முடிந்துவிடவும் கூடும்.

கீர்த்தனம்

கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நாட்டைக்குறிஞ்சியில் பாடப்படும் 'வழி மறைத்திருக்குதே'. திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலுக்கு வந்த நந்தனார் உள்ளே போக முடியாமல் வெளியே நிற்கிறார். அங்கிருந்தும் சுவாமியைக் காண முடியவில்லை; மலைபோல ஒரு மாடு, அதாவது நந்தி, வழியை மறைத்துப் படுத்திருக்கிறது. ஓரடி விலகினால் போதும் என்கிறார். இவ்வளவுதான் பாட்டு.

நடனம் அமைப்பவருக்கு இதில் எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். முதலில் மேடை தானாகவே அமைந்துவிடுகிறது. ஒரு மூலையில் நிற்கும் மனிதர். நடுவில் பெரிய நந்தி. அதற்கப்பால் கண்ணுக்குத் தெரியாத சந்நிதி. மூன்று புள்ளிகளையும் முதல் வரியிலேயே நிலைநிறுத்திவிட்டால் பாட்டு முடியும்வரை பார்வை எங்கே போக வேண்டும் என்ற குழப்பமே வராது. அபிநயத்தில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடக்கணக்கில்தான்: ஒரு வரியில் சுவாமி வலப்பக்கம், அடுத்த வரியில் இடப்பக்கம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பாட்டு அந்தத் தவறைச் செய்ய விடாது.

அடுத்தது பல்லவி. பாடகர் அதே வரியைச் சங்கதி சங்கதியாக, மெட்டைச் சிறிது சிறிதாக மாற்றி, பாடுவார். ஒவ்வொரு முறையும் ஆடுபவர் புதிதாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருமுறை கழுத்தை நீட்டி இடப்பக்கம் எட்டிப் பார்க்கலாம். ஒருமுறை நுனிக்காலில் எழுந்து திமிலுக்கு மேலாகப் பார்க்கலாம். ஒருமுறை குனிந்து கால்களுக்கிடையில் பார்க்கலாம். நாலாவது முறைக்கு இப்படி உடலால் செய்யக்கூடியவை தீர்ந்துபோகும். அப்போதுதான் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. இத்தனை தூரம் நடந்து வந்த களைப்பா? நந்தி மேல் கோபமா? கோபப்பட்டதற்காக உடனே எழும் அச்சமா? சட்டென்று 'நமக்கு இது விதித்ததுதானோ' என்ற தளர்வா? ஒரே வரி இத்தனை மனநிலைகளைக் கேட்டு வாங்குகிறது. சொந்தமாக அமைப்பது என்றால் என்ன என்பதை வேறு எந்த உருப்படியும் இவ்வளவு நேராகக் கற்றுத் தராது என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு கடினமான முடிவும் இருக்கிறது. நந்தனாரை எப்படி நிற்க வைப்பது? மேடையில் நெடுங்காலமாகப் பழகிவிட்ட உருவம் கூனிக் குறுகி, வாய் பொத்தி நிற்பது. அவர் வெளியே நிறுத்தப்பட்டது சாதியால். அந்தக் கொடுமையை வெறும் பணிவாகக் காட்டினால், பார்ப்பவருக்குப் பக்தியின் அழகாக மட்டுமே தெரிந்துவிடும். முதுகு நிமிர்ந்து நிற்கும் ஒருவர், யாரோ வரும் அரவம் கேட்டதும் மட்டும் குனிகிறார் என்று அமைத்தால் கதையே மாறுகிறது. இரண்டில் எது சரி என்று பாட்டு சொல்லாது. அமைப்பவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டாவதே சரியென்று படுகிறது. ஆனால் அதை ஆடுபவர் தாமாக யோசித்து வந்தடைய வேண்டும்.

முடிவும் அப்படியே. இந்தப் பாட்டுக்குள் நந்தி விலகுவதில்லை. விலகச் சொல்லும் பாட்டு தனியாக வருகிறது. ஆனால் திருப்புன்கூரில் நந்தி இன்றும் நேர்கோட்டிலிருந்து விலகியே இருக்கிறது; கதை எல்லோருக்கும் தெரியும். நந்தி அசைவதையும் தரிசனத்தையும் காட்டி முடிப்பதா, ஓரடி விலகாதோ என்ற ஏக்கத்தோடு நிறுத்துவதா? முன்னது கைதட்டல் வாங்கும். பின்னது பாட்டுக்கு உண்மையாக இருக்கும்.

கீர்த்தனத்தின் குறையையும் சொல்ல வேண்டும். பிரபலமான பாட்டு என்றால் இணையத்தில் காணொளிகள் குவிந்திருக்கும். இரண்டு பார்த்தாலே போதும், உங்கள் கற்பனை அவற்றின் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். முழுச் சட்டகமும் நோட்டில் எழுதி முடியும்வரை ஒன்றையும் பார்க்காதீர்கள். இன்னொரு குறை, நிருத்தத்துக்கு இடம் குறைவு என்பது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே ஒரு சிறு ஜதி செருகுவது வழக்கம். இந்தப் பாட்டில் எனக்கு அது உறுத்தும். ஏங்கி நிற்கும் ஒருவர் திடீரென்று தீர்மானம் என்ற ஜதி ஆட்டம் ஆட மாட்டார். அடவு ஆடும் ஆவல் உங்களுக்கு அதிகம் என்றால் சிவனின் ஆட்டத்தைப் பாடும் கீர்த்தனத்தை எடுங்கள். மாயாமாளவகௌளையில் பாடப்படும், சீர்காழி முத்துத் தாண்டவரின் 'ஆடிக்கொண்டார்' போன்றவற்றில் ஜதி வலிய வந்து உட்காரும்.

பதம்

முத்துத் தாண்டவரின் 'தெருவில் வாரானோ' கமாஸில் ஒலிக்கும்போது யாருக்குத்தான் ஆட ஆசை வராது? வேகமான காலடி இல்லை, கடினமான கணக்கு இல்லை, காத்திருக்கும் ஒரு பெண் மட்டும். அதனாலேயே எளிது என்று நினைத்து இதை எடுக்கிறார்கள். நாலு அமைப்புகளிலும் மிகக் கடினமானது இதுதான்.

கீர்த்தனத்தில் ஏதோ ஒன்று நடக்கிறது. பதத்தில் ஒரே ஒரு மனநிலை நீடிக்கிறது. அதன் உள்ளே சின்னச் சின்ன அலைகள் எழுந்து அடங்குகின்றன. நாயகி யார், அவளுக்கும் நாயகனுக்கும் என்ன உறவு, எத்தனை நாள் பழக்கம், தோழியிடம் சொல்கிறாளா, தனக்குத்தானே சொல்கிறாளா என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் கையை எடுக்கவே கூடாது. முடிவு செய்த பிறகும் அதை அடவுபோல வரிசையாக எழுதிவைக்க முடியாது. பரதக் கலைஞர் டி. பாலசரஸ்வதி பதம் ஆடும்போது அதே வரிக்கு ஒவ்வொரு கச்சேரியிலும் வேறு வேறு பாவங்களைக் கொண்டுவருவார் என்பது புகழ்பெற்ற செய்தி. பதத்துக்கு முன்கூட்டி முழுவதும் அமைத்துவிடுவது ஒத்துவராது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். பதத்துக்காகச் சேர்ப்பது ஒரு கையிருப்பு. மேடையில் பாடகரின் அன்றைய சங்கதியைக் கேட்டு அதிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பாடகர் நேரில் இருக்க வேண்டும். அவரும் ஆடுபவரின் முகத்தைப் பார்த்துப் பாடுபவராக இருக்க வேண்டும்.

காதல் அனுபவம் இல்லாதவர் பதம் ஆட முடியாது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. தடையாக இருப்பது அசையாமல் உட்கார்ந்திருக்கும் பழக்கம் இல்லாததுதான். இரண்டு ஆவர்த்தனம் ஒன்றும் செய்யாமல், கண்ணை மட்டும் தெருமுனையில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். கை தானாக எழுந்தால், பதத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சங்கப் பாட்டும் திருப்புகழும்

யாரும் போகாத வழியில் போக வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டையும் சொல்வேன். இரண்டும் நேர் எதிர்க் குணம் கொண்டவை.

குறுந்தொகையின் 28ஆம் பாட்டு ஔவையாருடையது, ஐந்தே அடி. காற்று அலைக்கழிக்க, நோவில் துடிக்கும் ஒரு பெண், அதை அறியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து முட்டுவேனா, தாக்குவேனா, 'ஆஅ ஒல்' என்று கூவுவேனா என்று கேட்கிறாள். வினைகள் எல்லாம் உடலின் வினைகள். முத்திரை தேடி அலைய வேண்டியதில்லை. தூங்கும் ஊரை ஒற்றை ஆளாக எப்படிக் காட்டுவது என்பதுதான் பெரிய சவால், பெரிய சுகமும். வீடு வீடாகத் தூங்குபவர்களை நடித்துக் காட்டலாம். அல்லது ஊரைக் காட்டாமலே, சுற்றியுள்ள அமைதியில் அவள் காலடி ஓசை மட்டும் கேட்கும்படி சலங்கையைப் பயன்படுத்தலாம். பின்பற்ற முன்மாதிரி இல்லாததால் செய்வதெல்லாம் உங்களுடையது.

அதே காரணத்தால் சட்டகமும் இல்லை. ராகம் இல்லை, பல்லவி இல்லை, எதைத் திரும்பப் பாடுவது என்ற குறிப்பும் இல்லை. இசையமைப்பாளர் ஒருவரோடு உட்கார்ந்து முதலில் பாட்டாக்க வேண்டும். தாளத்தில் அடைக்காமல் விருத்தமாகப் பாடவைத்து, கூவும் இடத்தில் மட்டும் தாளத்தைத் தொடங்கலாம் என்பது என் விருப்பம். பழந்தமிழ் புரியாத அவைக்கு ஆடும்போது, சொல்லுக்குச் சொல் கைகாட்டிப் பொழிப்புரை சொல்லும் ஆசை வரும். அதைக் கட்டுப்படுத்த வேண்டும். தொடங்குவதற்கு முன் இரண்டு வாக்கியத்தில் பொருளைச் சொல்லிவிட்டால் கை விடுதலை பெறும்.

திருப்புகழில் தாளம் சொல்லிலேயே இருக்கிறது. அருணகிரிநாதரின் சந்தம் வாயில் வந்ததுமே கால் துடிக்கும். 'முத்தைத்தரு' பாட்டில் பயிரவி ஆடும் இடத்தில் தித்தித்தெய என்று ஆட்டச் சொல்லே பாட்டுக்குள் வந்துவிடுகிறது. ஜதிஸ்வரத்தின் இன்பமும் சாகித்தியத்தின் பொருளும் ஒன்றாகக் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: சொற்கள் வேகமாகக் கொட்டும். எல்லாச் சொல்லுக்கும் கை காட்டினால் ஊமைச் சைகை ஆகிவிடும். அடிக்கு ஒரே ஒரு படிமத்தைத் தேர்ந்து அதைக் கையில் வைத்து, மற்றதைக் காலுக்கு விட்டுவிடுங்கள்.

வர்ணம், தில்லானா

முழு வர்ணம் ஒன்றை முதல் முயற்சியாக எடுக்கவே வேண்டாம். அரைமணி நேரத்துக்குக் குறையாத உருப்படி. திரிகால ஜதி, தீர்மானங்கள், சஞ்சாரி (ஒரு வரியின் பொருளை விரித்து நடிக்கும் பகுதி), முக்தாயி ஸ்வரம், சரண ஸ்வரங்கள் என்று எல்லாத் திறனையும் ஒருசேரக் கேட்பது. ஆனால் கற்ற வர்ணத்தில் ஒரே ஒரு சஞ்சாரியை மட்டும், குருவின் அனுமதியோடு, நீங்கள் புதிதாக அமைத்துப் பார்க்கலாம். செலவில்லாத, மிக நல்ல பயிற்சி. முதல் கீர்த்தனத்துக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். தில்லானாவுக்கு ஜதிஸ்வரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் பொருந்தும்.

இசை எங்கிருந்து?

உருப்படியைத் தேர்வதோடு இந்தத் தேர்வும் பின்னிக்கிடக்கிறது. கச்சேரி ஒலிப்பதிவை அப்படியே வைத்து ஆடுவது மலிவு. ஆனால் நிரவல் (ஒரே வரியைக் கற்பனையோடு விரித்துப் பாடுவது) எங்கே, பல்லவி எத்தனை முறை என்பதைப் பாடகர் தம் கச்சேரிக்காக முடிவு செய்திருப்பார். மனதில் ஐந்து பாவங்கள் இருக்க, ஒலிப்பதிவில் வரி மூன்று முறைதான் வரும். அல்லது நேர்மாறாக நடக்கும். பாட்டின் சொற்கள் பழையவை, பொதுச்சொத்து. ஒலிப்பதிவு அப்படியல்ல, அதற்கு உரிமையாளர் உண்டு. அதை வைத்து ஆடிய காணொளியை இணையத்தில் ஏற்றினால் அது நீக்கப்படலாம்.

நேரில் பாட்டு, நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஜதி சொல்வது), மிருதங்கம், வயலின் அமைத்துக்கொள்வதே சிறந்தது. ஒத்திகைக்கும் சேர்த்துச் செலவாகும். நடுவழி ஒன்று இருக்கிறது. தெரிந்த பாடகர் ஒருவரிடம், எத்தனை முறை எந்த வரி என்று எழுதிக்கொடுத்து, தம்பூரா, நட்டுவாங்கத்தோடு மட்டும் பதிவு செய்துகொள்வது. கீர்த்தனத்துக்கும் ஜதிஸ்வரத்துக்கும் இது முழுக்கப் போதும். பதத்துக்குப் போதாது.

அமைத்ததை எழுதியும் வைத்துவிடுங்கள்: சாகித்திய வரி, ஆவர்த்தன எண்ணிக்கை, அடவு, முத்திரை, திசை, பார்வை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்ட நடன அமைப்பை நாடகப் படைப்பாகவே ஏற்கிறது. உரிமைக்காக இல்லாவிட்டாலும், ஆறு மாதம் கழித்து அதே உருப்படியை மீண்டும் எடுக்கும்போது அந்த நோட்டின் அருமை தெரியும்.

யார் எதை எடுப்பது

தாளத்தில் மனம் லயிப்பவர் ஜதிஸ்வரத்தையோ திருப்புகழையோ எடுக்கலாம். இசையமைக்க நண்பர் ஒருவர் கூட இருந்து, தமிழிலக்கியத்தில் தோய்ந்தவராகவும் இருந்தால், இரண்டாவது முயற்சியாகக் குறுந்தொகைக்கு வாருங்கள். மற்ற எல்லோரும் ஆறேழு நிமிடத்துக்குள் முடியும் தமிழ்க் கீர்த்தனம் ஒன்றில் தொடங்குங்கள். தெலுங்கும் கன்னடமும் அறிந்தவர்கள் அந்தந்த மொழியில் எடுக்கலாம்; பொருளை அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும் மொழியில் மட்டும் முதல் முறை வேண்டாம்.

குருவிடம் காட்டுவதற்கு முன், அந்தப் பாட்டைக் கேட்டிராத ஒருவர் முன்னால் பாட்டே இல்லாமல், தாளம் மட்டும் போட்டு ஒருமுறை ஆடிக்காட்டுங்கள். யார் எங்கே நிற்கிறார்கள், எதற்காக ஏங்குகிறார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லத் தடுமாறும் இடங்களை நோட்டில் குறித்துக்கொண்டு, குருவிடம் போகும்போது அந்த இடங்களிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.